அத்தியாயம் 5: மாணவர்களை வேலைக்கு எடுத்தலும் நடத்துதலும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணினி லேப்களை அன்றாடம் ஓட்டுவது பெரும்பாலும் மாணவர்கள்தான். முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோ மேற்பார்க்கிறார்கள். காலையில் கதவைத் திறப்பது, உதவி மேசையில் உட்காருவது, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, நள்ளிரவில் விளக்கணைத்துப் பூட்டுவது எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். வழக்கம் பழையது. டார்ட்மத் கல்லூரியில் 1964 மே 1 அன்று பேசிக் மொழி முதன்முதலில் ஓடியது. ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் வகுத்த அந்த நேரப்பகிர்வு அமைப்பின் நிரலில் பெரும்பங்கை எழுதியவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்த இளநிலை மாணவர்கள். கணினியை நம்பி மாணவர் கையில் கொடுக்கலாம் என்றால், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுக்கலாம். இந்த அத்தியாயத்தை அந்த நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன்.

இப்படியொரு லேபின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து, கல்லூரி லேப் என்றால் லேப் அசிஸ்டன்டும் கையெழுத்து ரிஜிஸ்டரும்தான் என்று பழகி, இங்கே வந்து பதினைந்து மாணவர்களுக்கு மேலாளராகிவிட்டவருக்கு இது கூடுதலாகப் பயன்படும்.

இரண்டு உண்மைகளை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். லேபில் கூட்டம் நெரியும் வாரமும், உங்கள் பணியாளர்களுக்குப் படிப்புச் சுமை உச்சத்தில் இருக்கும் வாரமும் ஒரே வாரம். அக்டோபரில் இடைத்தேர்வு, டிசம்பரில் இறுதித்தேர்வு, பிறகு மார்ச், மே. மேசைக்கு முன்னால் நிற்பவரும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் மறுநாள் காலை ஒரே தேர்வை எழுதப் போகிறவர்களாக இருக்கலாம். வேறு பெரும்பாலான தொழில்களில் வாடிக்கையாளரின் நெருக்கடியும் பணியாளரின் நெருக்கடியும் இவ்வளவு துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. அடுத்தது, எல்லாரும் போய்விடுவார்கள். இரண்டாம் ஆண்டில் சேரும் இளநிலை மாணவர் மூன்று ஆண்டு இருந்தால் பெரிது. முதுநிலை மாணவர் மூன்று செமஸ்டர் இருப்பார். வேலை நன்றாகப் பழகிய நேரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்புவார். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் எதிர்கொள்வதற்கான ஏற்பாடுகள்தான்.

எத்தனை பேர், எந்தத் துறையிலிருந்து

கணக்கிலிருந்து தொடங்குங்கள். திங்கள் முதல் வியாழன் வரை காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை, வெள்ளி மாலை 6 வரை, சனி காலை 10 முதல் மாலை 6 வரை, ஞாயிறு நண்பகல் முதல் நள்ளிரவு வரை லேப் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 94 மணி நேரம். ஞாயிறு முதல் வியாழன் வரை மாலை 6 மணிக்கு மேல் மேசையில் இருவர் வேண்டும். அதற்கு இன்னும் 30 சேர்த்தால் 124. ஒருவருக்குப் பத்து மணி நேரம் கொடுத்தால் பதின்மூன்று பேர் தேவை. பதினைந்து பேரை எடுங்கள். மணிக்கு 15 டாலர் என்றால் வாரத்துக்கு 1,860 டாலர், பதினைந்து வார செமஸ்டருக்கு 27,900 டாலர். இந்தத் தொகையை எழுத்தில் காட்டாமல் துறைத் தலைவரிடம் ஆள் கேட்கப் போகாதீர்கள்.

எட்டுப் பேரை எடுத்து ஆளுக்குப் பதினைந்து மணி நேரம் கொடுத்தால் நிர்வாகம் சுலபமாகுமே என்று தோன்றும். செப்டம்பரில் சுலபமாகத்தான் இருக்கும். டிசம்பரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பதினைந்து மணி நேர ஓட்டை விழும். அதை நிரப்ப வேண்டிய மற்ற ஏழு பேரும் ஏற்கெனவே களைத்திருப்பார்கள்.

எல்லாரையும் கணினி அறிவியல் துறையிலிருந்து எடுப்பது அடுத்த தவறு. அந்தத் துறையின் பெரிய வகுப்பு ஒன்றுக்கு ப்ராஜெக்ட் கெடு வரும் இரவில் லேப் நிரம்பி வழியும். அன்று உங்கள் பணியாளர்களில் பாதிப் பேர் அந்தக் கெடுவுக்காகவே அதே லேபில் வேறொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். செவிலியர் படிப்பு, வரலாறு, இசை, புவியியல், வணிகம் என்று கலந்து எடுங்கள். அவர்களின் நெருக்கடி நாட்கள் வேறு வேறு. புள்ளியியல் மென்பொருள் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் மாட்டிக்கொண்டு நிற்கும் சமூகவியல் மாணவிக்கு, போன வருடம் அதே வகுப்பில் அதே இடத்தில் மாட்டியவர் சொல்லும் பதில் சட்டென்று புரியும். வரைபட மென்பொருள் ஆர்க்ஜிஐஎஸ் தெரிந்த புவியியல் மாணவர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது

மாணவச் சம்பளத்துக்குப் பொதுவாக இரண்டு ஊற்றுகள். ஒன்று உங்கள் துறையின் சொந்த நிதி. இன்னொன்று கூட்டரசின் வொர்க்-ஸ்டடி திட்டம். 1964-இன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பண உதவி தேவைப்படும் மாணவருக்கு உதவியின் ஒரு பகுதியை வேலை செய்து ஈட்டிக்கொள்ளும் வாய்ப்பாகத் தருகிறார்கள். சம்பளத்தில் பெரும்பாலும் 75 விழுக்காடு வரை கூட்டரசு தருவதால், வொர்க்-ஸ்டடி மாணவரை எடுப்பது உங்கள் பட்ஜெட்டுக்குப் பெரிய ஆறுதல். வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது.

ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒதுக்கிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கீடு பெற்றவர் மணிக்கு 15 டாலர் வாங்கினால் 133 மணி நேரத்தில் தொகை தீரும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தொடங்கி வாரம் பத்து மணி நேரம் வேலை செய்தால், நன்றி நவிலல் விடுமுறைக்குள் முடிந்துவிடும். இறுதித்தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, ஆள் மிக வேண்டியிருக்கும் நேரத்தில், உங்கள் சிறந்த பணியாளருக்குச் சம்பளம் தர வழியில்லாமல் நிற்பீர்கள். ஆகவே வேலைக்கு எடுக்கும் நாளிலேயே ஒவ்வொருவரின் ஒதுக்கீட்டையும் மணிக்கணக்காக மாற்றி, எந்த வாரத்தில் தீரும் என்று எழுதிவையுங்கள். வாரத்துக்கு ஏறக்குறைய நான்கரை மணி நேரம் என்று குறைத்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். அல்லது தீர்ந்த பிறகு துறை நிதிக்கு மாற்றலாம். எது என்றாலும் மாணவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இந்தத் திட்டத்தில் இருப்பவர் தன் வகுப்பு நடக்கும் நேரத்தில் வேலை செய்ததாக நேரப்பதிவு இருக்கக் கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்களில் இதைப்போல இரு மடங்கு. உங்கள் மாநிலத்தின் தொகையைப் பாருங்கள், கூடவே வளாகத்துக்கு எதிரே இருக்கும் காபிக் கடை என்ன தருகிறது என்றும் பாருங்கள். பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. பூட்டும் நேரம் கடந்து இருபது நிமிடம் ஒருவருக்கு உதவிக்கொண்டிருந்தால் அதற்கும் உண்டு. “பரவாயில்லை, எழுத வேண்டாம்” என்று மாணவர் சொன்னாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. செய்த வேலைக்குக் கூலி என்பது சட்டம். அதோடு, இது அந்தப் பிள்ளைக்கு முதல் வேலையாக இருக்கலாம். கூலி கேட்பது தவறில்லை என்பதை அவர் உங்களிடம்தான் கற்றுக்கொள்ளப் போகிறார்.

இருபது மணி நேரம்

எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வளாகத்தில் அவர் பார்க்கும் எல்லா வேலைகளையும் சேர்த்து இருபது. லேபில் பதினான்கு, நூலகத்தில் ஆறு என்றால் தீர்ந்தது. இந்த வாரம் பதினைந்துதான் பார்த்தேன், அடுத்த வாரம் இருபத்தைந்து பார்த்துச் சரிக்கட்டுகிறேன் என்பதற்கு இடமில்லை. எல்லை மீறினால் அவருடைய விசா நிலையே போய்விடலாம். மேலாளர் எழுதும் மன்னிப்புக் கடிதத்தால் அதை மீட்டுத் தர முடியாது. அலுவல்முறை விடுமுறைக் காலத்தில், அடுத்த செமஸ்டரும் தொடர்ந்து படிப்பவராக இருந்தால், முழுநேரமாகவே வேலை செய்யலாம்.

ஆபத்து மாதக்கணக்கில் தூங்கிவிட்டு, ஷிஃப்ட் மாற்றும்போது எழுந்து வரும். நண்பனுக்குத் தேர்வு. ஞாயிறு ஷிஃப்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு முன்வருகிறார்.

“இந்த வாரம் ஏற்கெனவே எவ்வளவு ஆச்சு தம்பி?”

“இங்க பதினாலு சார்.”

“நூலகத்துல?”

“அது ஆறு சார். ஆனா அது வேற டிபார்ட்மென்ட்.”

“எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் ஒரே கணக்குதான். இந்த ஷிஃப்ட் உனக்கு வேண்டாம். நான் வேற ஆள் பாக்கறேன்.”

இந்த உரையாடல் நடக்க வேண்டுமானால், ஷிஃப்ட் மாற்றம் ஒவ்வொன்றும் உங்கள் ஒப்புதலுக்கு வர வேண்டும். இதில் தளர்வு வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களின் வளாக வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற வளாக வேலைகளையும் சேர்த்துப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வரும்படி அவர்களுக்கு நிரந்தர ஷிஃப்ட் தராதீர்கள். மீதி ஐந்து, அவசரத்துக்கான இடைவெளி. வாரம் எந்த நாளில் தொடங்குவதாகக் கணக்கு என்பதை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். உதவி ஆசிரியராகவோ ஆய்வு உதவியாளராகவோ ஏற்கெனவே இருபது மணி நேரம் பார்ப்பவரை எடுக்கவே முடியாது. நேர்காணலுக்குக் கூப்பிடும் முன்பே கேட்டுவிட்டால் இருவருக்கும் ஏமாற்றம் இருக்காது.

வேலையில் சேருவதற்கான ஐ-9 படிவத்தில் முதல் பகுதியை மாணவர் வேலையின் முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும். அடையாள ஆவணங்களைச் சரிபார்க்கும் இரண்டாம் பகுதியை, நிர்வாகம் அன்றிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். எந்த ஆவணத்தைக் கொண்டுவருவது என்பதைப் பட்டியலிலிருந்து மாணவர்தான் தேர்ந்தெடுப்பார். இன்னதுதான் வேண்டும் என்று நீங்கள் கேட்கக் கூடாது. புதிதாக வந்த வெளிநாட்டு மாணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க உங்கள் வேலைக் கடிதம் தேவைப்படும். அதைக் கேட்ட அன்றே கொடுத்துவிடுங்கள். அந்தக் கடிதம் ஒரு வாரம் தாமதமானால் அவருடைய முதல் சம்பளமும் தள்ளிப்போகலாம்.

நேர்காணல்

ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டருக்கு ஏப்ரலிலேயே ஆள் எடுங்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு தேடினால், நல்ல பிள்ளைகளை நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் எடுத்திருக்கும். மாணவர் வேலைவாய்ப்புத் தளமான ஹேண்ட்ஷேக்கிலோ வளாக வேலைப் பட்டியலிலோ போடும் விளம்பரத்தில் கசப்பான செய்தியை முதலில் எழுதுங்கள்: ஞாயிறு இரவு ஷிஃப்ட் உண்டு, இறுதித்தேர்வு வாரத்திலும் வேலை உண்டு. இதைப் படித்தும் விண்ணப்பிப்பவர்தான் உங்களுக்கு வேண்டும்.

கணினி அறிவைச் சோதிப்பதில் பாதி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். பிரிண்டரில் சிக்கிய தாளை எப்படி எடுப்பது, மேட்லேப் மென்பொருளின் உரிமம் காலாவதியானால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்கக் கூடியவை. நேர்காணலில் ஒரு காட்சியை நடித்துப் பாருங்கள். நீங்கள் பயனர். “என் கட்டுரை காணாமப் போச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல சமர்ப்பிக்கணும்” என்று பதறுங்கள். பல லேப்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் இருக்கும். இயந்திரத்தை மறுபடி தொடக்கினால் டெஸ்க்டாப்பில் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். ஆகவே இது ஒவ்வொரு செமஸ்டரும் நடக்கும் காட்சி. விண்ணப்பதாரர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எங்கே சேமித்தீர்கள், மின்னஞ்சலில் யாருக்காவது அனுப்பினீர்களா, ஒன்டிரைவில் பார்த்தீர்களா என்று நிதானமாகக் கேட்பவர் ஒருவர். “சேவ் பண்ணும்போதே பார்த்திருக்கணும்” என்று தொடங்குபவர் இன்னொருவர். முன்னவரை எடுங்கள், இரண்டாமவர் பத்து மொழிகளில் நிரல் எழுதினாலும். “எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்” என்று வெட்கமில்லாமல் சொல்பவருக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

கேட்கக் கூடாதவை சில உண்டு. நாடு, மதம், திருமண நிலை, உடல் குறைபாடு, கர்ப்பம் பற்றிக் கேள்வி கூடாது. அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். அதை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தமிழர் என்றால், “சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார்” என்று வாய் தானாகப் போகும். நேர்காணலில் அதை அடக்கிக்கொள்ளுங்கள். நம் பேச்சு வழக்கில் அதற்கு அடுத்த கேள்வி எங்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அச்சமில்லாமல் உங்கள் முன்னால் உட்கார அவருக்கு உரிமை இருக்கிறது.

பயிற்சியும் மேசையும்

செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு நாள் கூட்டுப் பயிற்சி, பிறகு ஆளுக்கு மூன்று ஷிஃப்ட் பழைய பணியாளரோடு சேர்ந்து. இது போதும். விரிவுரையைவிட லேபையே சுற்றிவரச் செய்வது நல்லது: திறக்கும் வரிசை, பூட்டும் வரிசை, பிரிண்டரின் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுவது, அச்சுக் கட்டண மென்பொருள் பேப்பர்கட்டில் தவறாகப் பிடித்த காசைத் திருப்பித் தருவது, தீ அலாரம் அடித்தால் எந்தக் கதவு வழியாக எல்லாரையும் வெளியேற்றுவது, எப்போது 911, எப்போது வளாகக் காவல். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான திரைவாசிப்பான்களான ஜாஸையும் என்விடிஏவையும் ஒவ்வொருவரும் தாமே ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். திரையை அணைத்துவிட்டு, காதால் கேட்டே ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, திரைவாசிப்பான் உள்ள இயந்திரத்தை வேறு யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் எழுப்பத் தயங்க மாட்டார்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் ஒரே விதி. அடுத்தவருடையதைக் கேட்கக் கூடாது, தட்டச்சு செய்து தரக் கூடாது, அவர் தட்டும்போது பார்க்கவும் கூடாது. மாற்றித் தர வேண்டுமானால் அடையாள அட்டை வேண்டும், தினமும் பார்க்கும் முகமாக இருந்தாலும். 1974-இல் வந்த ஃபெர்ப்பா சட்டம் மாணவரின் கல்விப் பதிவுகளைக் காக்கிறது. வகுப்புப் பட்டியல், மதிப்பெண், மாணவர் எண் இவை மேசையில் இருப்பவர் கண்ணில் படலாம். கண்ணில் பட்டது வாயில் வரக் கூடாது. பணியாளரும் மாணவரே என்பதால், திரையில் தெரிவது அவருடைய வகுப்புத் தோழியின் மதிப்பெண்ணாக இருக்கலாம். இதைப் பயிற்சியில் உதாரணத்தோடு பேசி, உறுதிமொழியில் கையெழுத்து வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது வீட்டுப்பாடம். இரவு பதினொன்றுக்கு ஒருவர் வந்து, “இந்தப் பைத்தான் நிரல் ஓடலை, கொஞ்சம் பாருங்க” என்பார். உங்கள் பணியாளருக்கு விடை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சொல்லலாமா? நிரலை எப்படி இயக்குவது, பிழைச் செய்தி எந்த வரியைக் காட்டுகிறது, கோப்பு தவறான கோப்புறையில் இருக்கிறது என்பது வரை சொல்லலாம். தர்க்கத்தைத் திருத்திக் கொடுத்தால் அது அந்த மாணவரின் வேலையை நீங்கள் செய்ததாகிவிடும். விஷயம் கல்வி ஒழுங்குக் குழுவுக்குப் போனால் இருவரும் நிற்க வேண்டிவரும். ஆனால் “அது எங்க வேலை இல்ல” என்று அனுப்பிவிடுவதும் சரியில்லை. பயிற்றுநர் மையம் எப்போது திறக்கும், அந்த வகுப்பின் உதவி ஆசிரியர் எந்த நேரத்தில் கிடைப்பார் என்ற தாளை மேசையில் வைத்திருங்கள். விதியைச் சொல்லும் கையோடு வழியையும் காட்டினால், மறுக்கப்பட்டவர் அவமானப்பட்டுத் திரும்ப மாட்டார். நண்பர்களே வந்து கேட்பதுதான் பணியாளருக்கு நிஜமான சோதனை. அப்போது, “மேலாளர் ஒத்துக்க மாட்டார்” என்று உங்களைக் காரணம் காட்ட அனுமதி கொடுங்கள். மேலாளர் அதற்கும்தான்.

மேசையில் உட்கார்ந்து படிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். யாரும் இல்லாதபோது படிக்கட்டும் என்பது என் முடிவு. படிக்கத்தான் அவர்கள் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறார்கள். காதில் இயர்போன் மட்டும் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து லேபைச் சுற்றிவர வேண்டும். எழுந்து வந்து கேட்கத் தயங்கி, திரையையே வெறித்துக்கொண்டிருப்பவர் பின்வரிசையில் எப்போதும் ஒருவர் இருப்பார்.

அட்டவணை, வராமை, இறுதி வாரம்

ஷிஃப்ட் மாற்றத்தில், எடுத்துக்கொள்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு நீங்களும் அனுமதிக்கும்வரை ஷிஃப்ட் பழையவருடையதே. வென்டுவொர்க் போன்ற மென்பொருள் இருந்தால் வசதி, பகிர்ந்த விரிதாளும் போதும். இரவு பூட்டும் ஷிஃப்டில் ஒருவரைத் தனியே விடாதீர்கள். வளாகத்தின் இரவுத் துணை சேவையின் எண்ணைச் சாவியோடு கட்டிவையுங்கள்.

சொல்லாமல் வராமல் போனவரை முதல் முறை கூப்பிட்டு, தனியே, என்ன நடந்தது என்று கேளுங்கள். சில இடங்களில் புள்ளிமுறை வைத்திருக்கிறார்கள்: தாமதத்துக்கு ஒன்று, வராததற்கு மூன்று, எட்டு சேர்ந்தால் நீக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எண்ணிக்கை எல்லாருக்கும் சமம் என்பது அதன் பலம். ஆனால் மூன்று வாரமாகத் தூங்காமல் இருக்கும் பிள்ளையையும் அக்கறையில்லாத பிள்ளையையும் அது ஒரே கோட்டில் நிறுத்துகிறது. புள்ளி வைத்தாலும், பேசிய பிறகே எழுதுங்கள். பேச்சில் மனச்சோர்வு தெரிந்தால், ஷிஃப்டைக் குறைத்து, மாணவர் ஆலோசனை மையத்துக்கு வழிகாட்டுங்கள். நேரப்பதிவில் பொய் எழுதினால் மட்டும் நிலைமை வேறு. வராத ஷிஃப்டுக்கு நேரம் போட்டவரை, மனிதவளத் துறையிடம் காட்டி முறைப்படி நீக்குங்கள்.

இறுதித்தேர்வு வாரத்துக்குத் தனி அட்டவணை போடுங்கள். பத்தாவது வாரத்திலேயே எல்லாரிடமும் தேர்வு நேரங்களை வாங்குங்கள். தன் தேர்வுக்கு முந்தைய இரவு யாருக்கும் ஷிஃப்ட் இல்லை. நான்கு மணி நேர ஷிஃப்டுகளை இரண்டாக உடையுங்கள். தேர்வுக்குப் படிப்பவரால் இரண்டு மணி நேரம் தர முடியும், நான்கு முடியாது. ஒவ்வொருவரும் அந்த வாரம் ஆறு மணி நேரமாவது தர வேண்டும் என்று ஏப்ரல் நேர்காணலிலேயே சொல்லியிருந்தால் இப்போது சண்டை வராது. அப்படியும் நிரம்பாத இடங்களில் நீங்கள் உட்காருங்கள். டிசம்பர் இரவில் மேலாளர் மேசையில் இருந்து தாள் நிரப்புவதைப் பார்த்த பணியாளர்களிடம், பிறகு எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்காது.

நம் ஊர்ப் பிள்ளைகள்

பொறியியல் முதுநிலைப் படிப்பு பெரிதாக உள்ள வளாகங்களில், விண்ணப்பங்களில் தமிழ்ப் பெயர்களை நிறையப் பார்ப்பீர்கள். கல்விக் கடன் வாங்கி வந்தவர்கள், வாடகைக்கும் மளிகைக்கும் இந்தச் சம்பளத்தையே நம்பியிருப்பவர்கள். அவர்களுக்கு உதவ வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். நியாயமான அந்த ஆசையை நியாயமான வழியில் மட்டும் நிறைவேற்றுங்கள். தேர்வுக் குழுவில் தமிழரல்லாத இன்னொருவரையும் உட்காரவையுங்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண் முறை இருக்கட்டும். மேசையில் மற்றவர்கள் இருக்கும்போது தமிழில் பேசிக்கொள்ளாதீர்கள். புரியாத மொழியில் சிரிப்புக் கேட்டால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒதுங்கி நிற்பவர் நினைப்பார்.

இந்தப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் உண்டு. “முடியாது சார்” என்று சொல்ல வராது. கூடுதல் ஷிஃப்ட் கேட்டால் சரி என்பார்கள், மறுநாள் தேர்வு இருந்தாலும். அந்தச் “சரி சார்” முழுச் சம்மதம் இல்லை. “உனக்கு நாளைக்கு என்ன இருக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் வேலை போகாது என்று வாயால் சொன்னால் போதாது. ஒருமுறை மறுத்தவருக்கே அடுத்த நல்ல ஷிஃப்டைக் கொடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள்.

போகும்போது

பட்டம் பெறுபவர் மே மாதம் போகிறார் என்றால், ஜனவரியிலேயே அடுத்த மூத்த பணியாளரை நியமித்துவிடுங்கள். மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்து, ஒரு செமஸ்டர் இருவரும் சேர்ந்திருக்கட்டும். லேபின் நடைமுறைக் கையேட்டை எழுதுவதும் திருத்துவதும் மாணவர்களின் வேலையாகவே இருக்கட்டும். கூட்டமில்லாத வெள்ளி மாலைகளில் அதற்கு நேரம் கிடைக்கும். மூன்றாம் மாடி பிரிண்டரின் பின்கதவை எந்தக் கோணத்தில் தள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எழுதாவிட்டால் அது அவர்களோடு பட்டம் வாங்கிப் போய்விடும்.

கடைசி ஷிஃப்ட் முடிந்த அன்றே சாவியை வாங்குங்கள், கதவு அட்டையின் அனுமதியை நீக்குங்கள், பொதுக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது சந்தேகத்தால் செய்வதில்லை, எல்லாருக்கும் செய்வது என்று முன்பே சொல்லியிருங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மின்னஞ்சல் வரும். அதற்காக ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு வைத்து, செமஸ்டருக்கு இரண்டு மூன்று வரி எழுதிவாருங்கள். “பொறுப்பானவர், நேரந்தவறாதவர்” என்ற கடிதத்தை எல்லா மேலாளரும் எல்லாருக்கும் எழுதுகிறார்கள். இறுதித்தேர்வு வாரத்தில் பிரிண்டர் சர்வர் நின்றபோது, காத்திருந்தவர்களின் கோப்புகளை வேறு கட்டடத்துப் பிரிண்டருக்கு அனுப்பிவைத்து, வழியை வெள்ளைப்பலகையில் வரைந்து காட்டியவர் என்று எழுதினால் வேலை தருபவர் நின்று படிப்பார். கடிதத்தில் மதிப்பெண்ணைக் குறிப்பிடுவதானால், மாணவரின் எழுத்துமூல ஒப்புதலை முன்னதாகவே வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.